மில்டன் கீன்ஸும் அதன் கால்பந்தும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸ் நகரத்தில் பல ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். ஊரிலிருந்து வரும் உறவினர்களும், லண்டனிலிருந்து வீடு பார்க்க வரும் நண்பர்களும், கால்பந்தில் ஆர்வமுள்ள அவர்களுடைய பிள்ளைகளும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. இந்த ஊருக்கென்று ஒரு குணம் உண்டா என்பது ஒரு கேள்வி. லண்டனின் விம்பிள்டனிலிருந்து 2003இல் இங்கே இடம் மாறிவந்த எம்.கே. டான்ஸ் என்ற இந்த ஊர் அணியை மற்ற ஊர்க்காரர்கள் ஏன் இவ்வளவு வெறுக்கிறார்கள் என்பது மற்றொன்று. இரண்டும் ஒன்றோடொன்று பின்னியவை என்பதால், வாய்வழியாகப் பலமுறை சொன்னவற்றை ஒழுங்குபடுத்தி எழுதியிருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டுவிட்டேன்.

மில்டன் கீன்ஸ் எங்கே இருக்கிறது? அதை நகரம் என்று சொல்லலாமா?

லண்டனுக்கு வடமேற்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், பக்கிங்காம்ஷயரில் இருக்கிறது. எம்1 நெடுஞ்சாலையும், லண்டன் யூஸ்டன் நிலையத்திலிருந்து வடக்கே செல்லும் முதன்மை ரயில் பாதையும் இதன் வழியே செல்கின்றன. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இதன் உள்ளாட்சி எல்லைக்குள் 2,87,060 பேர் வாழ்ந்தனர்.

நகரம் என்று தாராளமாகச் சொல்லலாம். பிரிட்டனில் 'நகரம்' என்பது மக்கள்தொகை பெருகினால் தானாக வந்து சேரும் பெயரன்று. அரச ஆணையின் மூலம் வழங்கப்படும் தகுதி. மில்டன் கீன்ஸ் 2000, 2002, 2012 ஆகிய ஆண்டுகளில் விண்ணப்பித்தும் பெறாத அந்தத் தகுதி, இரண்டாம் எலிசபெத் அரசியாரின் எழுபதாண்டு ஆட்சி நிறைவையொட்டி 2022இல் கிடைத்தது.

இந்த ஊரைக் கட்டுவதற்கு முன் அங்கே வெறும் வயல்தான் இருந்ததாமே?

பெரும்பகுதி வயல்தான், ஆனால் 'வெறும்' என்ற சொல் தவறு. 1967 ஜனவரி 23 அன்று அரசு சுமார் 8,900 ஹெக்டேர் நிலத்தைப் புதிய நகரத்துக்கென அறிவித்தபோது, அந்த எல்லைக்குள் பிளெட்ச்லி, உல்வர்ட்டன், ஸ்டோனி ஸ்ட்ராட்ஃபர்ட் என்ற மூன்று ஊர்களும் பத்துக்கு மேற்பட்ட சிற்றூர்களும் இருந்தன. சுமார் 40,000 பேர் அங்கு ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்தனர். உல்வர்ட்டனில் 1838 முதல் ரயில்வே பணிமனை இருந்தது. பிளெட்ச்லி பூங்கா இரண்டாம் உலகப்போரில் பகைவரின் மறைகுறிச் செய்திகளை உடைத்த இடம். ரோமானியர் போட்ட வாட்லிங் சாலை இன்றும் நகரத்தின் ஒரு சாலையாகவே பயன்படுகிறது.

மில்டன் கீன்ஸ் என்ற பெயரும் புதிதாகச் சூட்டியதன்று. அந்த எல்லைக்குள் இருந்த சின்னஞ்சிறு கிராமம் ஒன்றின் பழைய பெயர். அந்தக் கிராமம் இன்னமும் தன் தேவாலயத்தோடும் கூரைவேய்ந்த வீடுகளோடும் நகரத்தின் ஒரு மூலையில் இருக்கிறது. விருந்தினர்களை நான் முதலில் அழைத்துச் செல்வது அங்கேதான்.

யார் திட்டமிட்டது? அதில் அப்படி என்ன தனித்தன்மை?

போருக்குப் பின் லண்டனின் நெரிசலைக் குறைக்கப் பிரிட்டன் கட்டிய புதுநகரங்களின் வரிசையில் இது பிற்காலத்தது. அளவில் மிகப் பெரியது. 2,50,000 பேருக்கான நகரம் என்பது தொடக்கத்திலேயே வகுத்த இலக்கு. கேம்பல் பிரபுவை முதல் தலைவராகக் கொண்ட வளர்ச்சி வாரியம் ஒன்று 1967 முதல் 1992 வரை பணியை நடத்தியது. லூவெலின்-டேவிஸ் தலைமையிலான நிறுவனம் வகுத்த பெருந்திட்டம் 1970இல் வெளிவந்தது. டெரக் வாக்கர் தலைமைக் கட்டடக் கலைஞராக இருந்து அதற்கு உருக்கொடுத்தார்.

திட்டத்தின் அடிப்படை எளிது. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகச் சாலைகள். அவற்றின் நடுவே உண்டாகும் ஒவ்வொரு கட்டமும் ஒரு குடியிருப்பு. குறுக்குச் சாலைகளுக்கு எச், நெடுக்குச் சாலைகளுக்கு வி என்று எழுத்தும் எண்ணும் உண்டு. அளவுகோல் வைத்துக் கோடு கிழித்ததுபோல் இல்லாமல், நிலத்தின் மேடுபள்ளத்துக்கேற்ப அவை வளைந்து செல்கின்றன. சாலைகள் சந்திக்குமிடத்தில் ரவுண்டானா. நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்காரர்களுக்கும் 'ரெட்வே' எனப்படும் செந்நிறப் பாதைகள் தனியே 300 கிலோமீட்டருக்கும் மேல் ஓடுகின்றன. பெரிய சாலைகளை அவை பெரும்பாலும் சுரங்க வழியாகவோ பாலத்தின் மீதாகவோ கடக்கின்றன.

இந்த அமைப்புக்குப் பின்னால் ஒரு கருத்து இருந்தது. அமெரிக்கச் சிந்தனையாளர் மெல்வின் வெபர், அண்டை வீட்டுக்காரர் என்பதால் மட்டுமே மனிதர்களுக்குள் உறவு ஏற்படுவதில்லை, எளிதாகச் சென்றுவர வழியிருந்தால் தொலைவில் இருப்பவர்களோடும் சமூகம் உருவாகும் என்று வாதிட்டவர். அவருடைய எண்ணம் இந்தத் திட்டத்தில் ஆழமாகப் பதிந்தது. ஆகவே ஒரே கோயில், ஒரே தேர்வீதி என்று நம் ஊர்கள் குவிவதுபோல் இந்த நகரம் ஒரு புள்ளியில் குவிவதில்லை. எல்லாப் பக்கமும் சமமாகப் பரவிக் கிடக்கிறது. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கால்பந்தைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

ரவுண்டானாவும் கான்கிரீட் மாடும் தவிர அங்கே ஒன்றுமில்லை என்கிறார்களே?

கான்கிரீட் மாடுகள் உண்மைதான். லிஸ் லே என்ற கலைஞர் 1978இல் உள்ளூர் மக்களோடு சேர்ந்து செய்த பசுக்களும் கன்றுகளும் அவை. புல்வெளியைக் கான்கிரீட்டால் மூடிவிட்டு மாட்டையும் கான்கிரீட்டில் செய்துவைத்த ஊர் என்று நாடு முழுவதும் ஏளனம் செய்தது. ஆனால் இங்கு வந்து பார்ப்பவர் முதலில் காண்பது மரங்களை. சாலையின் இருமருங்கும் மரவரிசை அடர்ந்திருப்பதால், வீடுகளே கண்ணில் படாமல் நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வண்டி ஓட்டலாம். ஊசல் ஆற்றின் ஓரமாகப் பூங்காக்கள் கிலோமீட்டர் கணக்கில் நீள்கின்றன. வில்லன் ஏரி, மழைவெள்ளத்தைத் தேக்கிவைக்க வெட்டியது. அதன் கரையில் 1980இல் ஜப்பானியப் பௌத்தத் துறவிகள் எழுப்பிய அமைதித் தூபி நிற்கிறது.

பூங்காக்களைப் பராமரிக்கும் ஏற்பாடும் குறிப்பிடத்தக்கது. 1992இல் வளர்ச்சி வாரியம் கலைக்கப்பட்டபோது, பூங்காக்களைத் தனியொரு அறக்கட்டளையிடம் ஒப்படைத்து, அதற்கு வாடகை வரும் கட்டடங்களையும் எழுதிவைத்தார்கள். கோயிலுக்கு மானியமாக நிலம் எழுதிவைத்த நம் முன்னோர்களின் வழக்கம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. உள்ளாட்சியின் நிதி நெருக்கடி எதுவும் அந்த மரங்களைத் தொடவில்லை என்பதற்கு அந்த முன்யோசனையே காரணம்.

நடு நகரத்தின் முதன்மைச் சாலைக்கு மிட்சம்மர் பூலவார்டு என்று பெயர். ஆண்டின் மிக நீண்ட பகலன்று சூரியன் உதிக்கும் திசைக்கு நேராக அமையுமாறு அந்தச் சாலையைப் போட்டிருக்கிறார்கள். குணம் இல்லாத ஊர் என்று சொல்பவர்கள் ஜூன் 21 அன்று விடியற்காலையில் அங்கே ஒருமுறை நின்று பார்க்க வேண்டும்.

அப்படியென்றால் 'ஆன்மா இல்லாத ஊர்' என்ற பெயர் ஏன் வந்தது?

பல தலைமுறைகள் சேர்த்துவைக்கும் நினைவு இங்கே ஒரு தலைமுறைக்குத்தான் இருந்தது என்பது ஒரு காரணம். கட்டடங்கள் சிலவற்றில் நேர்ந்த பிழைகளும் உண்மையானவை. நார்மன் ஃபாஸ்டர் போன்ற பெரும் கலைஞர் வடிவமைத்த பீன்ஹில் குடியிருப்பின் தட்டைக் கூரைகள் ஒழுகியதால், பின்னர் சாய்வுக் கூரைகளை மேலே பொருத்த வேண்டியிருந்தது. முதலில் குடியேறியவர்கள் சேற்றிலும் தனிமையிலும் பட்ட பாட்டை முதியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

மூன்றாவது காரணத்தை நான் பெரிதாகக் கருதுகிறேன். இங்கிலாந்தில் ஓர் ஊரை அறியாதவர்களும் அந்த ஊரின் கால்பந்து அணியை அறிவார்கள். சனிக்கிழமை மாலை வானொலியில் ஆட்ட முடிவுகள் வாசிக்கப்படும்போதுதான் பர்ன்லி, கிரிம்ஸ்பி, ராதர்ஹாம் போன்ற பெயர்கள் நாட்டின் காதில் விழுகின்றன. அந்தப் பட்டியலில் மில்டன் கீன்ஸ் அப்போது இருக்கவில்லை. 1990களின் இறுதிவரை இது, ஐரோப்பாவிலேயே உயர்நிலைக் கால்பந்து இல்லாத மிகப் பெரிய ஊர்களுள் ஒன்று என்று சொல்லப்பட்டுவந்தது.

2003க்கு முன் இந்த ஊரில் யாரும் பந்தே விளையாடவில்லையா?

நிறையவே விளையாடினார்கள். உல்வர்ட்டனில் ரயில்வே தொழிலாளர்களின் அணி 19ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. அந்த மைதானத்தில் இருந்த மரத்தாலான பார்வையாளர் கொட்டகை, உலகிலேயே மிகப் பழைய கூரையிட்ட கால்பந்துக் கொட்டகை என்று உள்ளூர்க்காரர்கள் உரிமை கொண்டாடினார்கள். அந்தக் கழகம் 1992இல் மறைந்தது. பிளெட்ச்லியின் கழகமொன்று 1970களில் மில்டன் கீன்ஸ் சிட்டி என்று பெயர் மாற்றிக்கொண்டு 1985இல் கலைந்தது. அதே பெயரை 1998இல் எடுத்துக்கொண்ட வேறொரு கழகம், பணமின்றி 2003இல் கதவடைத்தது. விம்பிள்டன் இங்கே வந்து சேர்ந்த ஆண்டும் அதுதான்.

அருகிலுள்ள நியூபோர்ட் பாக்னல், புதுநகர எல்லைக்கு வெளியே இருந்தாலும் இன்று மில்டன் கீன்ஸ் உள்ளாட்சிக்குள் வருவது. அந்தச் சிற்றூரின் அணி 2022இல் வெம்பிளி மைதானத்தில் எஃப்.ஏ. வாஸ் கோப்பையை வென்றது. அடிநிலை அணிகளுக்கான அந்தக் கோப்பையைப் பற்றி வெளியூரில் யாரும் பேசுவதில்லை; அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

இவ்வளவு பெரிய ஊரில் ஓர் அணி தானாக வளர்ந்திருக்கக் கூடாதா?

வளர்ந்திருக்கலாம், காலம் பிடித்திருக்கும். இங்கிலாந்துக் கால்பந்து ஓர் ஏணி. எந்தக் கழகமும் அடிப்படியில் தொடங்கி, ஆண்டுதோறும் வென்று, ஒவ்வொரு படியாகத்தான் ஏற முடியும். நான்காம் பிரிவை எட்டவே பல்லாண்டுகள் ஆகும். உல்வர்ட்டன்காரர் உல்வர்ட்டன் அணியையும் பிளெட்ச்லிக்காரர் பிளெட்ச்லி அணியையும் ஆதரித்தார்கள். லண்டனிலிருந்து குடியேறியவர்கள் தாங்கள் விட்டுவந்த டோட்டன்ஹாமையோ ஆர்சனலையோ நெஞ்சில் சுமந்துகொண்டு வந்தார்கள். ஒரு புள்ளியில் குவியாத நகரம் என்று முன்பு சொன்னேனே, அதன் விலை இங்கே தெரிகிறது: நகரம் முழுவதற்கும் பொதுவான திண்ணை எதுவும் இருக்கவில்லை.

அதனால் வெளியூர்க் கழகமொன்றைக் கொண்டுவரும் யோசனை மீண்டும் மீண்டும் எழுந்தது. 1979இலேயே விம்பிள்டனின் அன்றைய உரிமையாளர் ரான் நோட்ஸ் அதைப் பரிசீலித்துக் கைவிட்டார். 1980களில் அருகிலுள்ள லூட்டன் டவுனை இங்கே மாற்றத் திட்டமிட்டபோது, லூட்டன் ரசிகர்கள் எதிர்த்து நிறுத்தினார்கள்.

விம்பிள்டன் என்றால் டென்னிஸ்தானே? அங்கிருந்து கால்பந்து அணி எப்படி வந்தது?

டென்னிஸ் நடக்கும் அதே தென்மேற்கு லண்டன் பகுதியில் 1889இல் தொடங்கிய கால்பந்துக் கழகம் அது. 1977இல்தான் தொழில்முறைப் பிரிவுகளின் அமைப்பான ஃபுட்பால் லீகில் சேர்க்கப்பட்டது. ஒன்பதே ஆண்டுகளில் முதல் பிரிவுக்கு ஏறியது. 1988 மே 14 அன்று வெம்பிளியில், அப்போதைய லீக் சாம்பியனான லிவர்பூலை 1–0 என்று வென்று எஃப்.ஏ. கோப்பையைக் கைப்பற்றியது. லாரி சான்செஸ் தலையால் முட்டி கோல் போட்டார். ஜான் ஆல்ட்ரிட்ஜ் அடித்த பெனால்டியை டேவ் பீசன்ட் தடுத்தார்.

அதன் வீடு பிளவ் லேன் என்ற சிறிய, பழைய மைதானம். ஹில்ஸ்பரோ மைதானத்தில் ரசிகர்கள் நெரிசலில் நசுங்கி இறந்த பேரிடருக்குப் பின் வந்த டெய்லர் அறிக்கை, உயர்பிரிவு மைதானங்கள் எல்லாம் முழுக்க இருக்கை கொண்டவையாக இருக்க வேண்டும் என்றது. பிளவ் லேனைப் புதுப்பிக்காமல், 1991இல் கிரிஸ்டல் பேலஸ் அணியின் செல்ஹர்ஸ்ட் பார்க் மைதானத்துக்குக் கழகம் வாடகைக்குப் போயிற்று. தற்காலிகம் என்று போனவர்கள் பன்னிரண்டு ஆண்டுகள் அங்கேயே தங்கினார்கள். பழைய மைதானம் பல்பொருள் அங்காடி நிறுவனமொன்றுக்கு விற்கப்பட்டது. 2000இல் அணி உச்சப் பிரிவான பிரீமியர் லீகிலிருந்து கீழிறங்கியது; கடன் ஏறியது.

இதே காலத்தில் மில்டன் கீன்ஸில் பீட் விங்கல்மன் ஓர் அணியைத் தேடிக்கொண்டிருந்தார். இசைத்துறையில் இருந்து வந்த அவர், கிரேட் லின்ஃபர்ட் மாளிகையில் ஒலிப்பதிவுக்கூடம் நடத்தியவர். பெரிய அங்காடியும் ஐகியா கடையும் கொண்ட வணிக வளாகத்தோடு இணைத்து ஒரு மைதானம் கட்டுவது அவர் கூட்டமைப்பின் திட்டம். அந்த மைதானத்தில் ஆட ஓர் அணி வேண்டியிருந்தது. வீடற்ற விம்பிள்டன் கிடைத்தது. 2001 ஆகஸ்டில் இடமாற்ற முடிவை விம்பிள்டனின் தலைவர் சார்ல்ஸ் காப்பல் அறிவித்தார்.

இதற்கு யார் அனுமதி கொடுத்தார்கள்?

ஃபுட்பால் லீக் முதலில் மறுத்தது. கழகம் மேல்முறையீடு செய்தது. இறுதியில் கால்பந்துச் சங்கம் அமைத்த மூவர் குழு 2002 மே 28 அன்று, இருவர் ஆதரவும் ஒருவர் எதிர்ப்புமாக, அனுமதி வழங்கியது. விம்பிள்டன் பகுதியில் புதிதாக ஒரு கழகத்தைத் தொடங்கலாமே என்ற கருத்தைப் பற்றி, அது கால்பந்தின் பரந்த நலனுக்கு உகந்ததன்று என்ற பொருள்பட அந்தத் தீர்ப்பில் ஒரு வரி இருந்தது. அந்த வரியை ரசிகர்கள் இன்றுவரை மறக்கவில்லை.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: அந்த அனுமதி தவறு. நூறாண்டுகளுக்கு மேல் ஒரு பகுதி மக்கள் வளர்த்த கழகத்தை, அவர்களுடைய இசைவின்றி 90 கிலோமீட்டர் தள்ளி நட்டது அநீதி. நான் இந்த ஊர்க்காரன் என்பதால் அதை மறுக்க முடியாது.

விம்பிள்டன் ரசிகர்கள் என்ன செய்தார்கள்?

தீர்ப்பு வந்த சில நாள்களிலேயே ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்ற புதிய கழகத்தைத் தொடங்கினார்கள். 2002 ஜூன் 29 அன்று விம்பிள்டன் காமன் என்ற பொதுவெளியில், விருப்பமுள்ள எவரும் வந்து ஆடிக்காட்டலாம் என்று அழைத்து வீரர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். மிக அடிநிலையிலிருந்த கம்பைன்ட் கவுன்டீஸ் லீகில் தொடங்கி, ஒன்பது ஆண்டுகளில் ஐந்து முறை மேற்பிரிவுக்கு ஏறி, 2011இல் லூட்டன் டவுனைப் பெனால்டியில் வென்று ஃபுட்பால் லீகை எட்டினார்கள். 2020 நவம்பரில், பழைய மைதானத்துக்கு மிக அருகில் கட்டிய புதிய பிளவ் லேனுக்கே திரும்பினார்கள். கழகம் ரசிகர்களின் அறக்கட்டளையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

மூலக் கழகமோ வெறிச்சோடியது. 2002 அக்டோபரில் ராதர்ஹாமுக்கு எதிரான லீக் ஆட்டத்துக்கு வந்தவர்கள் 849 பேர். 2003 ஜூனில் கழகம் திவால் நிலையில் நிர்வாகியின் பொறுப்புக்குப் போனது. செப்டம்பர் 27 அன்று மில்டன் கீன்ஸ் ரயில் நிலையத்துக்கு அருகிலிருந்த தேசிய ஹாக்கி அரங்கில் பர்ன்லிக்கு எதிராக இங்கே முதல் ஆட்டத்தை ஆடியது, முடிவு 2–2. 2004 ஜூனில் பெயர் மில்டன் கீன்ஸ் டான்ஸ் என்று மாறியது. சுருக்கமாக எம்.கே. டான்ஸ்.

1988 கோப்பை இப்போது யாருடையது?

விம்பிள்டன் மக்களுடையது. 2006 அக்டோபரில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, எம்.கே. டான்ஸ் 2007 ஆகஸ்டில் தன்னிடமிருந்த விம்பிள்டன் நினைவுப் பொருள்களையும் கோப்பைப் பிரதிகளையும் விம்பிள்டன் அடங்கிய மெர்ட்டன் உள்ளாட்சியிடம் ஒப்படைத்தது. தன் வரலாறு 2004இல்தான் தொடங்குகிறது என்பதையும் ஏற்றுக்கொண்டது. அதுவரை எம்.கே. டான்ஸ் ரசிகர்களைச் சேர்க்க மறுத்த நாடளாவிய ரசிகர் கூட்டமைப்பு, இந்த உடன்பாட்டின் பிறகே அவர்களை ஏற்றது.

சட்ட நோக்கில் லீகில் இருந்த இடம் விம்பிள்டனிடமிருந்து வந்தது. நினைவும் பெருமையும் திருப்பித் தரப்பட்டன. இரண்டையும் பிரித்துப் பார்த்தால் குழப்பம் தீரும்.

அப்புறம் ஏன் இன்னும் 'டான்ஸ்' என்ற பெயர்?

'விம்பிள்டன்' என்ற சொல்லின் கடைசி அசையிலிருந்து பிறந்த செல்லப்பெயர் அது. ஏ.எஃப்.சி. விம்பிள்டனும் தன்னை டான்ஸ் என்றே அழைக்கிறது. 2017இல் அவர்களுடைய மைதானத்துக்கு எம்.கே. டான்ஸ் போனபோது, 'டான்ஸ்' என்பதை விட்டுவிட்டு மில்டன் கீன்ஸ் என்று மட்டுமே குறிப்பிட்டார்கள். லீக் அதை விதிமீறலாக எடுத்துக்கொண்டு நடவடிக்கை தொடங்கும் அளவுக்கு விவகாரம் போனது.

இந்தப் பெயரை விட்டுவிட வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். கோப்பைகளைத் திருப்பிக் கொடுத்தவர்கள் இந்த ஓரசையையும் கொடுத்திருக்கலாம். இந்த நகரத்துக்குச் சொந்தமாக எத்தனையோ பெயர்கள் இருக்கின்றன. இருபது ஆண்டுகளாக இந்தப் பெயரோடு வளர்ந்த உள்ளூர் ரசிகர்கள் பலர் இதற்கு உடன்படுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆர்சனல்கூட இடம் மாறிய அணிதானே? அதை யாரும் திட்டுவதில்லையே?

ஆர்சனல் 1913இல் தென்கிழக்கு லண்டனின் பிளம்ஸ்டெடிலிருந்து தேம்ஸைக் கடந்து ஹைபரிக்குப் போனது. அப்போதும் எதிர்ப்பு இருந்தது. டோட்டன்ஹாமும் ஓரியண்டும் கடுமையாக ஆட்சேபித்தன. ஆனால் அது லண்டனுக்குள்ளேயே நடந்த மாற்றம். பழைய ரசிகர் விரும்பினால் டிராமிலோ ரயிலிலோ போய்ப் பார்க்க முடிந்தது. மில்டன் கீன்ஸ் விவகாரம் அப்படியன்று. வேறு மாவட்டம், வேறு மக்கள். அதற்குப் பின் இங்கிலாந்தின் எந்தத் தொழில்முறைக் கழகமும் இவ்வாறு வேற்றூருக்கு நிரந்தரமாகக் குடிபெயரவில்லை.

மற்ற புதுநகரங்கள் எப்படிச் சமாளித்தன?

ஒவ்வொன்றும் ஒரு விதம். போருக்குப் பிந்தைய முதல் புதுநகரமான ஸ்டீவனேஜில், இருந்த கழகம் கலைந்ததும் 1976இல் புதிதாக ஒன்றைத் தொடங்கினார்கள். 1996இல் ஐந்தாம் பிரிவின் உச்சியில் முடித்தும் மைதானம் போதாதென்று லீகில் சேர்க்கவில்லை. 2010 வரை காத்திருந்து நுழைந்தார்கள். அடுத்த ஆண்டே எஃப்.ஏ. கோப்பையில் நியூகாஸிலை 3–1 என்று வீழ்த்தினார்கள். அந்த வெற்றியை யாரும் குறை சொல்லவில்லை.

ஸ்காட்லாந்தின் லிவிங்ஸ்டன் வேறு வழியில் போனது. எடின்பரோவின் மெடோபேங்க் திசில் 1995இல் அந்தப் புதுநகருக்கு மாறிப் பெயரையும் மாற்றிக்கொண்டது. 2004இல் ஸ்காட்டிஷ் லீக் கோப்பையை வென்றது. கம்பர்னால்டுக்கு 1994இல் கிளைட் கழகம் வந்தது, பெயரை மாற்றவில்லை, 2022இல் கிளம்பிப் போயிற்று. வாடகைக்கு வந்த விருந்தாளியாகவே அது இருந்துவிட்டது.

ஸ்டீவனேஜை நினைக்கும்போதுதான் எனக்கு மில்டன் கீன்ஸ் மீது வருத்தம் வருகிறது. அதைவிடப் பல மடங்கு மக்கள்தொகை உள்ள நகரம் இது. பொறுத்திருந்து, உல்வர்ட்டன் கொட்டகையையோ மில்டன் கீன்ஸ் சிட்டியையோ வளர்த்திருந்தால், யாருடைய சாபமும் இல்லாத ஓர் அணி இன்று இங்கே இருந்திருக்கும். மரம் நட்டு முப்பது ஆண்டுகள் காத்திருக்கத் தெரிந்த ஊர் இது. கால்பந்தில் மட்டும் வளர்ந்த மரத்தைப் பெயர்த்துக் கொண்டுவந்தது. அந்த அவசரத்தில் இழந்தது விம்பிள்டன் மட்டுமன்று; தன் அணியைத் தானே வளர்க்கும் வாய்ப்பை இந்த நகரமும் இழந்தது.

மைதானம் எப்போதும் பாதி காலியாக இருக்கிறதே? ஊர்க்காரர்களுக்கே அக்கறை இல்லையோ?

2007இல் திறந்த ஸ்டேடியம் எம்.கே. 30,500 இருக்கைகள் கொண்டது. நான்காம் பிரிவில் ஆடும்போது ஆறேழாயிரம் பேர் வந்தால், அந்தப் பிரிவுக்கு அது குறைவான கூட்டமன்று. இவ்வளவு பெரிய அரங்கில் குறைவாகத் தெரிகிறது. தேசிய நிகழ்ச்சிகளுக்கு அது நிறைகிறது: 2015 ரக்பி உலகக் கோப்பையின் மூன்று ஆட்டங்களும், 2022 மகளிர் ஐரோப்பியக் கோப்பையில் ஜெர்மனி–பிரான்ஸ் அரையிறுதியும் இங்கே நடந்தன.

அணிக்கும் அதன் நாள்கள் உண்டு. 2008இல் பால் இன்ஸின் பயிற்சியில் நான்காம் பிரிவையும் லீக் டிராபியையும் வென்றது. 2014 ஆகஸ்ட் 26 அன்று லீக் கோப்பையில் மான்செஸ்டர் யுனைடெட்டை 4–0 என்று தோற்கடித்தது. கிரிக் இரண்டு, அஃபோபே இரண்டு. அன்று ஆடியவர்களில் ஒருவர் டெலி அலி. இந்த ஊரில் பிறந்து, பதினொரு வயதில் இந்தக் கழகத்தின் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, 16 வயதில் முதல் அணியில் ஆடி, 2018 உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்காக கோல் போட்டவர். அவரை யாரும் வேறெங்கிருந்தும் பெயர்த்துக் கொண்டுவரவில்லை.

ரசிகர்கள் தங்களுக்கென்று செய்துகொண்டவையும் உண்டு. உள்ளூர் ரசிகர்கள் கூடும் பகுதிக்கு 'மாட்டுக்கொட்டகை' என்று பெயர். அணியின் அடையாள உருவங்களும் பசுமாடுகள். முன்பு சொன்ன கான்கிரீட் மாட்டு ஏளனத்தை எடுத்துத் தங்கள் கொடியாக்கிக்கொண்டார்கள். யாரும் திட்டமிட்டுக் கொடுக்காத பெயர் என்பதால், நகரமும் அணியும் உண்மையில் ஒட்டிய இடம் அதுவே என்று எனக்குத் தோன்றுகிறது.

இரண்டு அணிகளும் மோதினால் என்ன ஆகும்?

முதல் மோதல் 2012 டிசம்பர் 2 அன்று, எஃப்.ஏ. கோப்பையின் இரண்டாம் சுற்றில், இங்கே நடந்தது. போகலாமா கூடாதா என்பதே விம்பிள்டன் ரசிகர்களிடையே பெரும் விவாதமாக இருந்தது. ஆட்டம் முடியும் தறுவாயில் ஆட்செமோபார் குதிகாலால் தட்டிய பந்தில் எம்.கே. டான்ஸ் 2–1 என்று வென்றது. பின்னர் 2016இல் விம்பிள்டன் ஒரு பிரிவு ஏறியது, மில்டன் கீன்ஸ் ஒரு பிரிவு இறங்கியது. இரண்டும் ஒரே பிரிவில் சந்தித்தன. விம்பிள்டன் ரசிகர்கள் இதை 'உள்ளூர்ப் பகை' என்று அழைக்க விரும்புவதில்லை. பகைக்கும் சமநிலை வேண்டும், இங்கு நடந்தது பறிப்பு என்பார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

என் மகள் இங்கேயே பிறந்தவள். எம்.கே. டான்ஸ் சட்டை கேட்கிறாள். வாங்கிக் கொடுக்கலாமா?

வாங்கிக் கொடுங்கள். 2002இல் நடந்ததற்கு அவள் பொறுப்பன்று. அவள் பள்ளித் தோழிகள் ஆதரிக்கும் அணி, ரெட்வே வழியாக மிதிவண்டியிலேயே போய்ப் பார்க்கக்கூடிய அணி இதுதான். விங்கல்மன் 2024இல் கழகத்தைக் குவைத்தைச் சேர்ந்த முதலீட்டாளர்களிடம் விற்றுவிட்டார். கொண்டுவந்தவர் போய்விட்டார், இங்கே பிறந்த பிள்ளைகள் மாட்டுக்கொட்டகையில் நிற்கிறார்கள்.

சட்டையின் மார்பில் உள்ள சின்னத்தில் ரோமன் எழுத்துகளில் 2004 என்ற ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கும். அது என்ன என்று அவள் கேட்பாள். அப்போது 1889ஐப் பற்றியும், விம்பிள்டன் காமனில் வரிசையில் நின்ற ஆட்டக்காரர்களைப் பற்றியும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் என் வீட்டில் அப்படித்தான் சொன்னேன்.